உழவன் கணக்கு

ஐப்பசி பிறந்து தீபாவளி நெருங்கினால், தில்லியில் படிக்கும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு ஊர் நினைவு வருவது இயல்பு. அத்துடன் மற்றொன்றும் இப்போதெல்லாம் ஆண்டு தவறாமல் வருகின்றது. அது புகை. காலையில் சாளரத்தைத் திறந்தால் எதிரே உள்ள கட்டடம் தெரிவதில்லை. விடுதியின் நடைவழியில் ஓர் அறைக்கு ஓர் இருமல் கேட்கின்றது. புகையின் பின்னாலேயே பழியும் வந்து சேர்கின்றது. பஞ்சாபிலும் அரியானாவிலும் வைக்கோலை எரிக்கும் உழவன்மேல் விழும் பழி அது.

சென்ற திங்கள் நம் மன்றத்தில் நடந்த சொற்போரில் நண்பர் ஒருவர், "வயலில் தீ வைப்பவனைச் சிறையில் வை" என்று முழங்கினார். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. அதே மேடையில், அரைமணி நேரத்திற்கு முன்புதான், வேறொரு நண்பர் வள்ளுவர் உழவுக்கென்று தனி அதிகாரம் வகுத்த பெருமையை நயமாக எடுத்துரைத்திருந்தார். அதற்கும் கைதட்டல் கிடைத்தது. ஒரே மாலையில் உழவன் தொழப்பட்டான். அதே மாலையில் சிறைக்கும் அனுப்பப்பட்டான்!

நண்பரின் பேச்சுக்கு அடிப்படை ஓர் எண்ணம். உழவன் அறியாமையால் பழைய வழியை விட மறுக்கின்றான். அறிவுரை கூறினால் திருந்துவான். அதற்கும் திருந்தாவிட்டால் தண்டித்துத் திருத்த வேண்டும் என்பதே அது. இவ்வெண்ணம் தவறு என்பது என் கருத்து. தவறு என்பதோடு நிற்காமல், மண்ணையும் நீரையும் காற்றையும் காக்கும் முயற்சிக்கே அது தடையாக நிற்கின்றது. உழவன் கணக்குப் பார்த்து மாறுகின்றவன். கணக்கு சரிப்பட்டால் நாம் சொல்லாமலே மாறுவான். சரிப்படாவிட்டால் யார் சொல்லியும் மாறமாட்டான். தாவரவியல் முதுகலை படிக்கும் மாணவன் என்ற முறையிலும், உழவை விட்டு நகரம் வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை என்ற முறையிலும் இதை எழுதுகின்றேன்.

உழவன் மாற மறுப்பவன் என்பது முதலில் வரலாற்றுக்கே பொருந்தாது. இதே தில்லியின் வடமேற்கு எல்லையில் ஜௌந்தி என்றொரு சிற்றூர் இருக்கின்றது. 1960களின் நடுவில், குட்டைக் கோதுமையின் விதையைப் பெருக்கிப் பிற ஊர்களுக்குக் கொடுக்கும் விதை ஊராக அது மாறிற்று. பூசா நிறுவனத்து அறிவியலறிஞர்கள் அதற்குத் துணை நின்றனர். அவர்களுள் முதன்மையானவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். புதிய விதையைக் காட்டும் செயல்விளக்கங்களைச் சிறு உழவரின் நிலத்திலேயே நடத்த வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். செல்வர் நிலத்தில் நன்றாக விளைந்தால், அது பணத்தால் வந்த விளைச்சல் என்றுதானே அண்டை நிலத்தான் எண்ணுவான்? தன்னைப் போன்ற ஒருவன் வயலில் விளைந்தால்தான், தன் வயலிலும் விளையும் என்று நம்புவான்.

1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை கப்பலில் வந்தது. பிறகு சில பருவங்களுக்குள் பஞ்சாபின் வயல்கள் முகம் மாறின. பாட்டன் காலத்துக் கோதுமையைக் கைவிட்டு, கண்டறியாத நாட்டு விதையை எடுத்துக்கொண்டவன் இதே உழவன்தான். அவன் மாறியதற்குக் காரணம் சொற்பொழிவா? அன்று. 1965இல் இந்திய உணவுக் கழகம் தோன்றிற்று. அதே ஆண்டில் விளைபொருள்களுக்கு விலை பரிந்துரைக்கும் குழுவும் தோன்றிற்று. விதை வந்தது, நீர் இருந்தது, உரம் கிடைத்தது, விளைந்ததை வாங்க ஆள் இருந்தது, வாங்கும் விலையும் முன்கூட்டியே தெரிந்தது. கணக்கு சரிப்பட்டது, உழவன் மாறினான்.

அது மண்ணைப் பிழிந்த மாற்றம். மண்ணைக் காக்கும் மாற்றம் அவ்வாறு வருமா என்று சிலர் கேட்கலாம். வந்திருக்கின்றது. அதற்கு அரியானா சான்று.

அங்கே கோதுமை வயலில் ஒரு களை உண்டு. 'மண்டூசி' என்பர், பஞ்சாபில் 'குல்லி டண்டா' என்பர். இளமையில் கோதுமைப் பயிரைப் போலவே தோன்றும், பிரித்தறிவது கடினம். ஐசோபுரோட்டுரான் என்னும் களைக்கொல்லியால் அதைப் பல ஆண்டுகள் அடக்கி வைத்திருந்தனர். 1990களின் தொடக்கத்தில் அம்மருந்துக்கு அது பணிய மறுத்தது. மருந்து அடித்தும் களை நின்றது; கோதுமை நலிந்தது. அந்த நெருக்கடியில்தான் ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தார், உழாமல் நேரே விதைக்கும் முறையை உழவர் வயல்களுக்கு எடுத்துச் சென்றனர். நெல் அறுத்த நிலத்தைப் புரட்டாமல், கீறிய கோட்டில் விதையை இறக்குவது அம்முறை. மண்ணைக் கலைக்காததால் களை விதை குறைவாகவே முளைத்தது. சில நாள் முன்னதாகவே விதைக்க முடிந்ததால், கோதுமை களையை முந்திக்கொண்டு வளர்ந்தது. ஆறேழு முறை டிராக்டர் ஓடிய நிலத்தில் ஒரே ஓட்டம் போதுமாயிற்று. ஏக்கருக்குப் பத்து லிட்டருக்கு மேல் டீசல் மிஞ்சிற்று.

மண் கெடாமலிருப்பதும் டீசல் புகை குறைவதும் இம்முறையால் விளைந்த நன்மைகளே. ஆனால் அவற்றுக்காகவா உழவர் இதை ஏற்றனர்? கர்னால் மாவட்டத்தில் என் வகுப்புத் தோழன் ஒருவனின் ஊர் இருக்கின்றது. சென்ற குளிர்கால விடுமுறையில் அங்கே சில நாள் தங்கியிருந்தேன். அவனுடைய பெரியப்பாவை, அவன் அழைப்பது போலவே நானும் 'தாவூஜி' என்றே அழைத்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழாமல் கோதுமை விதைத்து வருபவர் அவர். "மண்ணைக் காக்க வேண்டும் என்றுதான் தொடங்கினீர்களா, தாவூஜி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"பேட்டா, மண்டூசியால் நான் கடன்பட்டிருந்தேன். உழாமல் விதைத்தால் களையும் குறையும், செலவும் குறையும் என்றார்கள். முதல் ஆண்டில் இரண்டு ஏக்கரில் மட்டும் செய்தேன். அதுவும் சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் செய்தேன்."

"ஏன் மூலையில்?"

"உழாத நிலம் சோம்பேறியின் நிலம் என்று ஊர் சிரிக்குமே! விளைந்த பிறகுதான் சாலையோர நிலத்தில் செய்தேன். அதற்கு அடுத்த ஆண்டில் சிரித்தவர்களே இயந்திரத்தை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள்."

இச்சிறு உரையாடலில் ஒரு பெரிய பாடம் இருக்கின்றது. புதிய முறை உழவனுக்கு ஆதாயம் தருவதாக மட்டும் இருந்தால் போதாது. அதைச் சிறிய அளவில் செய்து பார்க்க முடிய வேண்டும். தோற்றால் குடும்பம் தாங்க வேண்டும். வென்றால் அதை மற்றவர் கண்ணால் காண வேண்டும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து உழவர் கலப்பின மக்காச்சோளத்தை ஏற்ற வரலாற்றை ரையான், கிராஸ் என்னும் இருவர் 1943இல் ஆராய்ந்து எழுதினர். அங்கும் இதுவே கண்டது. விதை வணிகரிடம் செய்தி கேட்டவர் பலர். அண்டை நிலத்தானைப் பார்த்து நம்பியவர் பலர். கேட்பது வேறு, நம்புவது வேறு.

இனி நம்மை இரும வைக்கும் வைக்கோலுக்கு வருவோம். இவ்வளவு விரைவில் மாறத் தெரிந்த உழவன், இதில் மட்டும் ஏன் மாறவில்லை?

பஞ்சாப் நெல் நாடன்று. 1970-71இல் அங்கே நெல் விளைந்த நிலம் ஏறத்தாழ 3.9 இலட்சம் ஹெக்டேர்தான். இன்று 30 இலட்சம் ஹெக்டேருக்கு மேல். பஞ்சாபியர் தட்டில் சோறு பெருகியதால் நெல் பெருகவில்லை. நாட்டின் நியாயவிலைக் கடைகளுக்கு அரிசி வேண்டியிருந்தது. அரசு நெல்லை உறுதியான விலைக்கு வாங்கியது. 1997 முதல், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, பாசன மின்சாரமும் இலவசமாயிற்று. உழவன் கணக்குப் பார்த்தான், நெல்லுக்கு மாறினான். நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போயிற்று. ஆண்டுதோறும் ஊறுவதைப் போல் ஒன்றரை மடங்கு நீரை இன்று பஞ்சாப் இறைக்கின்றது.

நீரைக் காக்க 2009இல் பஞ்சாபும் அரியானாவும் சட்டம் செய்தன. கடுங்கோடையில் நெல் நடக்கூடாது என்பது அதன் சாரம். பஞ்சாபில் ஜூன் 10க்கு முன்பும், அரியானாவில் ஜூன் 15க்கு முன்பும் நடவு கூடாது என்று அன்று விதித்தனர். நோக்கம் நல்லது. ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளுமன்றோ? கோதுமையோ நவம்பர் முதற்பாதியில் விதைக்கப்பட வேண்டியது. அதற்குப் பிந்தினால் மார்ச்சு மாத வெப்பம் கதிரைத் தாக்கும். பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சலில் ஒரு விழுக்காடு அல்லது அதற்கு மேலும் போகும். ஆக, நெல் அறுத்துக் கோதுமை விதைக்க உழவனுக்குக் கிடைப்பது பதினைந்து, இருபது நாள்.

அறுவடை இயந்திரம் ஒரு முழ உயரத்திற்குத் தாளை நிறுத்திவிட்டு, வைக்கோலை வயலெங்கும் இறைத்துவிட்டுப் போகின்றது. பாசுமதி அல்லாத நெல்லின் வைக்கோலை அங்கே மாடும் விரும்பி உண்பதில்லை. பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் வைக்கோல். அதைக் கையால் வெட்டி அகற்றக் கூலி வேண்டும், ஆள் வேண்டும், நாள் வேண்டும். தீக்குச்சிக்கு இவை எதுவும் வேண்டா. நீரைக் காக்கச் செய்த சட்டம் நாளைச் சுருக்கிற்று; சுருங்கிய நாள் தீயை வளர்த்தது என்று ஆய்வாளர் பலர் கூறுகின்றனர். ஒன்றைக் காக்கப் போய் மற்றொன்றைக் கெடுத்தோம். கெடுதலின் பழியை மட்டும் உழவன் தலையில் வைத்தோம்.

"மாற்று வழி இருக்கின்றதே" என்று அறிவியல் மாணவர் சொல்லக்கூடும். உண்மை, இருக்கின்றது. நிற்கும் தாளை வெட்டி ஒதுக்கி, அதனூடே கோதுமையை விதைத்து, வெட்டிய வைக்கோலை மண்மேல் போர்வையாகப் பரப்பும் இயந்திரம் ஒன்றை, லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தார் ஆஸ்திரேலிய அறிஞர் துணையுடன் உருவாக்கினர். 'ஹாப்பி சீடர்' என்று அதற்குப் பெயர். எரித்து விதைப்பதைவிட இவ்வியந்திரத்தால் விதைப்பது சராசரியாக 10 முதல் 20 விழுக்காடு கூடுதல் ஆதாயம் தரும் என்று, 'சயன்ஸ்' இதழில் 2019இல் வந்த ஓர் ஆய்வு காட்டிற்று. 2018 முதல் இத்தகைய இயந்திரங்களுக்குத் தனி உழவர்க்குப் பாதி விலையும், கூட்டுறவுகளுக்கு 80 விழுக்காடும் அரசு மானியமாகக் கொடுத்தது. ஆதாயம் உண்டு, மானியம் உண்டு. பின்னும் தீ ஏன்?

இங்கேதான் 'சராசரி' என்னும் சொல்லை நாம் ஆராய வேண்டும். வகுப்பறையில் நமக்கு அது உயிர்போன்ற சொல். ஆனால் சராசரி உழவன் என்று ஒருவன் எந்த ஊரிலும் இல்லை. ஆயிரம் வயல்களைக் கூட்டி வகுத்து வந்த எண் அது. அவனுக்கு இருப்பது ஒரு வயல். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை கெட்டால் மறுவாரம் திரும்பச் செய்கின்றோம். உழவனோ தன் வாழ்நாளில் நாற்பது முறை கோதுமை விதைப்பான். அதில் ஒன்று கெட்டால், மகளின் திருமணம் தள்ளும். வட்டிக் கடன் ஏறும். சராசரியில் ஆதாயம் என்று நாம் சொல்லும்போது, "என் வயலில் இந்த ஆண்டு கெட்டால் யார் தருவார்?" என்று அவன் கேட்கின்றான். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். நாம் முதற் கேள்விக்கு விடை கண்டுவிட்டு, இரண்டாவதற்கும் விடை தந்துவிட்டதாக நினைக்கின்றோம்.

மேலும், அந்த இயந்திரத்தை இழுக்க வலிய டிராக்டர் வேண்டும். ஆண்டில் இருபது நாள் ஓடிவிட்டு, மீதி நாளெல்லாம் அது கொட்டகையில் கிடக்கும். வாடகைக்கு எடுக்கலாம் என்றால், ஊர் முழுவதற்கும் அதே இருபது நாளில்தான் வேண்டும். பெரு நிலக்காரனுக்கு முதலில் கிடைக்கும்; மூன்று ஏக்கர்க்காரனின் முறை வருமுன் பருவம் கடந்துவிடும்.

குத்தகை உழவனின் நிலை இன்னும் வேறு. வைக்கோலை மண்ணுக்கே கொடுத்தால் மண் வளம் பெறும் என்பது உண்மை. ஆனால் அந்த வளம் ஒரே பருவத்தில் தெரியாது. சில ஆண்டு பொறுக்க வேண்டும். அடுத்த ஆண்டு அந்நிலம் தன் கையில் இருக்குமா என்று அறியாதவன் எதை நம்பிப் பொறுப்பான்? என் பாட்டனார் தஞ்சைப் பகுதியில் சொந்தமாக இரண்டு மாவும், குத்தகையாகச் சில மாவும் உழுதவர். கோடையில் குளத்து வண்டலை வண்டியில் ஏற்றிவந்து சொந்த நிலத்தில் அடிப்பார். குத்தகை நிலத்தில் அடிக்கமாட்டார். மண்ணின் அருமை அறியாதவர் அல்லர் அவர். வளம் ஏறிய நிலத்தை மறு ஆண்டு வேறொருவர் கூடுதல் குத்தகைக்குக் கேட்டுவிடுவார் என்பதையும் அறிந்தவர். அவர் மகன், என் தந்தையார், உழவை விட்டுத் தில்லிக்கு வந்துவிட்டார். அரியானாவிலும் பஞ்சாபிலும் குத்தகைக்கு உழுபவர்களை நான் புரிந்துகொள்ள, என் பாட்டனாரின் அந்த இரண்டு மாவே துணை செய்கின்றது.

கணக்கில் இன்னும் ஒன்று உண்டு. அது நம்பிக்கை. 2019இல் பஞ்சாபின் 171 சிற்றூர்களில் பொருளியல் அறிஞர் சிலர் ஒரு சோதனை நடத்தினர். வைக்கோலை எரிக்காவிட்டால் பணம் தருவதாக உழவரிடம் கூறினர். ஒரு சாராரிடம், "பருவம் முடிந்து வயலைச் சோதித்த பின் முழுத் தொகையும் தருவோம்" என்றனர். மற்றொரு சாராருக்கு அதே தொகையில் ஒரு பங்கை முன்னதாகவே, கேள்வியின்றிக் கையில் கொடுத்தனர். மீதியைச் சோதித்த பின் தருவதாகக் கூறினர். முதற் சாராரிடம் எரிப்பு குறையவேயில்லை. இரண்டாம் சாராரிடம் ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. தொகை ஒன்றே, விளைவு வேறு. ஏன்? "பிறகு தருவோம்" என்ற சொல்லை எத்தனை முறை கேட்டவன் அவன்! இயந்திர வாடகையை இன்றே கொடுக்க வேண்டியவனுக்கு, என்றோ வரப்போகும் பணம் எப்படிக் கணக்கில் சேரும்? முன்பணம் கொடுத்தவன் தன்னை நம்புகின்றான் என்று கண்டபோது, உழவனும் பதிலுக்கு நம்பினான்.

நெல்லை நாற்று நடாமல் நேரே விதைக்கும் முறையின் கதையும் இதையே சொல்கின்றது. நீரும் கூலியும் மிஞ்சும் என்று பல்லாண்டு பேசப்பட்ட முறை அது; பரவவில்லை. 2020இல் கொரோனா பரவியபோது, நடவுக்கு வரும் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர் ஊர் திரும்பிவிட்டனர். நட ஆளில்லை. அந்த ஓர் ஆண்டில் பஞ்சாபில் பல இலட்சம் ஏக்கர் நேரடி விதைப்புக்கு மாறிற்று. 2022இல் அதே முறைக்கு ஏக்கருக்கு 1,500 ரூபாய் தருவதாக மாநில அரசு அறிவித்தது. தொழிலாளரும் திரும்ப வந்துவிட்டனர். நேரடி விதைப்பில் களை மிகும் என்ற அச்சமும் இருந்தது. அரசு குறித்த இலக்கில் மிகச் சிறு பங்குதான் நிறைவேறிற்று. பத்தாண்டுப் பேச்சு செய்யாததை ஆளில்லாத ஒரு பருவம் செய்தது; கணக்கு மாறியவுடன் உழவனும் பழைய முறைக்குத் திரும்பினான்.

உழவனுக்குத் தக்க அறிவியலுக்கும் சான்று உண்டு. 'பூசா 44' என்னும் நெல் மிகுந்த விளைச்சல் தருவது. ஆனால் விதைத்து அறுக்க ஏறத்தாழ 160 நாள் ஆகும். லூதியானாவில் 'பி. ஆர். 126' என்ற நெல்லை உருவாக்கினர். நட்ட 93 நாளில் அறுக்கலாம். நீரும் மிஞ்சுகின்றது, கோதுமைக்கு முன் நாளும் மிஞ்சுகின்றது. அதைப் பஞ்சாப் உழவர் விரைந்து ஏற்றனர். "தீ வைக்காதே" என்று கூறிய அறிவுரையைவிட, "இந்தா, உனக்கு இன்னும் சில வாரம்" என்று கொடுத்த விதை வலிமை வாய்ந்தது.

வடக்கோடு நில்லாமல் தெற்கேயும் ஓர் ஊரைக் காண்போம். இன்று தெலங்கானாவில் உள்ள புனுகுலா, அன்று கம்மம் மாவட்டத்தைச் சேர்ந்த பருத்தி விளையும் சிற்றூர். அங்கே பூச்சிமருந்து விற்பவனே கடனும் கொடுப்பான். விளைந்த பருத்தியையும் அவனே வாங்குவான். மருந்து ஏற ஏறக் கடனும் ஏறிற்று, நோயும் ஏறிற்று. 2000ஆம் ஆண்டையொட்டிச் சில தொண்டு நிறுவனங்களின் துணையுடன் வேப்பங்கொட்டைக் கரைசல், மிளகாய்-பூண்டுக் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி முதலியவற்றைச் சிலர் செய்து பார்த்தனர். விளைச்சல் குறையவில்லை, செலவு குறைந்தது. பிறகு மகளிர் குழுக்கள் அதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டன. வீட்டின் கடனையும், மருந்து அடித்து மயங்கி விழுந்தவரையும் நேரில் கண்டவர்கள் அவர்கள். 2004 வாக்கில் அவ்வூர் பூச்சிமருந்து இல்லாத ஊராகத் தன்னை அறிவித்துக்கொண்டது. ஆந்திர அரசு அந்த வழியை மகளிர் குழுக்கள் வாயிலாகவே பிற மாவட்டங்களுக்கும் கொண்டு சென்றது. 2016இல் அங்கே தொடங்கிய இயற்கை வேளாண்மைத் திட்டத்திற்கும் அக்குழுக்களே முதுகெலும்பு. அங்கே ஒருவர் தனியே துணியவில்லை. ஊர் சேர்ந்து துணிந்தது. இழப்பு வந்தாலும் பகிர்ந்துகொள்ளத் தோள் இருந்தது.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியானால் சட்டமே வேண்டாவா? தில்லிக் குழந்தைகளின் நுரையீரலுக்கு விலை இல்லையா?" என்று நண்பர் கேட்பார். முறையான கேள்வி. புகை நஞ்சுதான், அந்த நஞ்சை முதலில் உண்பவர்கள் தீ வைக்கும் உழவரும் அவர்தம் குழந்தைகளுமே. சட்டத்தை நான் வெறுக்கவில்லை. 2009ஆம் ஆண்டு நடவுச் சட்டத்தை உழவர் பெரும்பாலும் ஏற்று நடந்தனர். அது எல்லார்க்கும் ஒன்றாக இருந்தது, விளைச்சலைக் குறைக்கவில்லை, நெல்லுக்கான மின்சாரமும் அந்த நாளையொட்டியே வந்தது. பின்பற்ற வழி செய்துவிட்டு விதித்த சட்டம் நின்றது. வழி செய்யாமல் விதிக்கும் தண்டம் என்ன செய்யும்? 2024 நவம்பரில் தண்டத் தொகையை இரண்டு மடங்காக்கினர். இரண்டு ஏக்கருக்கும் குறைந்த நிலமுடையவனுக்கே 5,000 ரூபாய். ஐந்து ஏக்கருக்கு மேற்பட்டவனுக்கு 30,000 ரூபாய். அதே ஆண்டில் ஆய்வாளர் வேறொன்றையும் சுட்டிக்காட்டினர். செயற்கைக்கோள் நண்பகலுக்குப் பின் வானில் கடந்து சென்ற பிறகு, மாலையில் தீ வைக்கும் வழக்கம் கூடிவிட்டது என்பதே அது. தண்டம் உழவனுக்குச் செயற்கைக்கோளின் நேரத்தைக் கற்பித்தது. வைக்கோலுக்கு வழி கற்பிக்கவில்லை.

நெல்லையே கைவிட்டு மக்காச்சோளத்திற்கும் பருப்புக்கும் மாறச் சொல்கின்றனர். நீருக்கும் காற்றுக்கும் அதுவே நிலையான மருந்து. ஆனால் நெல்லை வாங்குவதுபோல் அவற்றைச் சந்தையில் நின்று உறுதியாக வாங்குவார் யார்? 1960களில் விதையோடு விலையும் கொடுத்தோம், வாங்குவாரையும் கொடுத்தோம். இப்போது அறிவுரையை மட்டும் கொடுக்கின்றோம். மண்ணையும் நீரையும் எண்ணாமல் விளைச்சலை மட்டும் துரத்தினால் கேடு வரும் என்று, 1968 சனவரியில் வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலேயே சுவாமிநாதன் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை உழவனுக்கு மட்டும் உரியதன்று. விளைச்சலைக் கேட்ட நாட்டுக்கும், அதை வாங்கி வயிறு நிறைந்த நமக்கும் உரியது. பசித்த நாடு அரிசி கேட்டது. பஞ்சாப் தன் நீரை அரிசியாக்கித் தந்தது. அந்தக் கடனில் நமக்குப் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே தமிழ் மாணவ நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று. அடுத்த முறை மன்றம் இதைப் பற்றிப் பேசும்போது, தில்லியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஓர் உழவரை அழைத்து மேடையில் அமர்த்துவோம். இந்தியில் பேசட்டும்; நம்மில் ஒருவர் தமிழாக்குவோம். குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாத இடத்தில் தீர்ப்புக் கூறுவது எந்த நாட்டு முறை?

இரண்டு. நம்மில் பலர் நாளை வேளாண்மையிலும் உயிரியலிலும் பொறியியலிலும் ஆராய்ச்சி செய்யப் போகின்றவர்கள். நாம் காணும் புதுமை ஒவ்வொன்றையும் நான்கு கேள்விகளால் அளப்போம். இந்தப் பருவத்திலேயே உழவன் கையில் ஏதேனும் மிஞ்சுமா? அரை ஏக்கரில் செய்து பார்க்க முடியுமா? தோற்றால் இழப்பு யாருடையது? குத்தகைக்கு உழுபவனுக்கும் உழத்திக்கும் இது எட்டுமா? இவற்றுக்கு விடையில்லாத புதுமை நம் பட்டத்திற்குப் பயன்படும், பயிருக்குப் பயன்படாது.

மூன்று. வாக்குரிமை பெற்ற குடிமக்கள் என்ற முறையில், தூய காற்றைக் கேட்கும் அதே குரலில், பருப்புக்கும் சோளத்திற்கும் உறுதியான விலையையும் கொள்முதலையும் கேட்போம். வைக்கோலை வயலிலிருந்து எடுக்கும் செலவில் நகரத்தின் பங்கையும் கொடுக்க வேண்டுமென்று கேட்போம். காற்று நமக்கும் வேண்டும். செலவு மட்டும் அவனுக்கு என்பது அறமாகாது.

நீடித்த வேளாண்மை என்று இன்று உலகெங்கும் பேசுகின்றனர். நிலம் நீடிக்க வேண்டுமானால், அதில் உழுபவன் முதலில் நீடிக்க வேண்டும். மண்ணை நேசிக்க அவனுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நேசித்தும் வாழ முடியும் என்று அவன் கணக்கு காட்டும்படி செய்தால் போதும். மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.